மூவாயிரத்து ஐந்நூறு சொற்களும் எங்கள் வீடும்



மேற்படிப்புக்காக வெளிநாடு செல்ல எண்ணும் பிள்ளை வீட்டில் இருந்தால், கூடவே ஓர் ஆங்கிலச் சொற்பட்டியலும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய தாள், தலையணைக்கு அடியில் அட்டைக்கட்டு, சாப்பாட்டு நேரத்தில் யாருக்கும் விளங்காத முணுமுணுப்பு என அது வீடெங்கும் பரவுகிறது. எங்கள் வீட்டுக்கு அது கடந்த ஷவ்வாலில் வந்தது. மூத்த மகள் புள்ளியியலில் இளநிலைப் பட்டம் பெற்றவள். மருத்துவ ஆய்வுகளுக்கான புள்ளியியலை அமெரிக்காவில் முதுநிலையாகப் பயில வேண்டும் என்பது அவளுடைய நாட்டம். அதற்காக ஜி.ஆர்.இ. என்னும் தேர்வை எழுத முடிவு செய்தாள். ஐந்து மாதங்கள் நாங்களும், அதாவது அவளைப் பெற்ற இருவரும், அந்தத் தேர்வின் சொற்களோடுதான் குடித்தனம் நடத்தினோம். இதே பாதையில் நிற்கும் குடும்பங்கள் நம்மிடையே பெருகி வருவதால், நாங்கள் கண்டவற்றை எழுதி வைக்கிறோம்.

அத்தேர்வு எங்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியமாயிற்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கொரோனாக் காலத்திற்குப் பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பல துறைகள் இத்தேர்வைக் கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டன. விரும்பினால் மதிப்பெண்ணை அனுப்பலாம், இல்லையேல் விட்டுவிடலாம். கையில் பணம் உள்ளவர்களும், வங்கியில் கடன் வாங்கத் தயங்காதவர்களும் இதை எழுதாமலே போய்விட முடியும். எங்களுக்கு அந்த வழி இல்லை. வட்டிக்கு வாங்குவதில்லை என்பது எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக நிற்கும் உறுதி. கல்விக் கடனும் வட்டிக் கடன்தான். நெருக்கடியான நிலையில் அதற்கு இடமுண்டா என்று ஆலிம்களிடம் கேட்டவர்களும், கேட்டு வாங்கியவர்களும் நம் சமுதாயத்தில் உண்டு. அவர்களைக் குறை கூறுவது எங்கள் வேலையன்று. எங்கள் மகள் தானாகவே, "வட்டி இல்லாம போக முடிஞ்சா போறேன் வாப்பா, இல்லேன்னா இங்கேயே படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அப்படியானால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் உதவிப் பணியும் தருகின்ற துறை ஒன்று கிடைத்தாக வேண்டும். அவள் குறித்து வைத்திருந்த துறைகளுள் அத்தகைய உதவியைத் தருபவை, விண்ணப்பதாரர்களை ஒப்பிட்டுப் பார்க்க இந்த மதிப்பெண்ணையும் கேட்டன. கணக்குப் பகுதியைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்தவளைத் தடுத்து நிறுத்தியது சொற்பகுதிதான். முதல் மாதிரித் தேர்வில் 170க்கு 144 வந்தது. கேட்பதற்கு நல்ல மதிப்பெண்போல் தோன்றும். ஆனால் அந்த அளவுகோல் 130இல்தான் தொடங்குகிறது. எதுவுமே தெரியாதவருக்கும் 130 உண்டு. ஆகவே அவள் ஏறியிருந்தது 14 படிகள் மட்டுமே.

தேர்வின் அமைப்பைப் பெற்றோர்களும் ஓரளவு அறிந்திருப்பது நல்லது. 2011 ஆகஸ்டுக்கு முன்பு இருந்த பழைய ஜி.ஆர்.இ.யில் எதிர்ச்சொல் கேட்பார்கள். ஒரு சொல்லிணையைக் கொடுத்து அதே உறவுள்ள மற்றோர் இணையைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். அக்காலத்தில் அகராதியை மனப்பாடம் செய்தவருக்குப் பலன் இருந்தது. 2011இல் அவ்விரண்டையும் எடுத்துவிட்டார்கள். இப்போது சொற்கள் வாக்கியத்துக்குள்தான் வருகின்றன. 2023 செப்டம்பரில் தேர்வை இன்னும் சுருக்கி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் அடக்கிவிட்டார்கள். சொற்பகுதியில் 27 கேள்விகள், 41 நிமிடங்கள், இரண்டு பிரிவுகள். முதற்பிரிவில் எப்படி எழுதுகிறோமோ அதைப் பொறுத்து இரண்டாம் பிரிவின் கடினம் அமைகிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எனவே எதையும் எழுதாமல் விடுவது வீண்.

அக்கேள்விகளில் ஒரு வகையை மட்டும் விளக்குகிறோம், ஏனெனில் எங்கள் முழு அனுபவமும் அதைச் சுற்றியே அமைந்தது. ஒரு வாக்கியம், அதில் ஒரு வெற்றிடம், கீழே ஆறு சொற்கள். அவற்றுள் இரண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்த ஒன்றை இட்டாலும் வாக்கியம் ஒரே பொருளைத் தர வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண், ஒன்று மட்டும் சரியென்றால் ஒன்றுமில்லை. தமிழில் ஓர் உதாரணம் அமைப்போம். "வெள்ளச் சேதத்தை அந்த அதிகாரி பார்வையிட்டது வெறும் ______ செயல், வண்டியை விட்டு இறங்காமலே குறிப்பெழுதிக்கொண்டு திரும்பினார்." இங்கே 'பெர்ஃபங்க்டரி', 'கர்சரி' என்ற இரண்டு சொற்களும் பொருந்தும். ஏனோதானோவென்று, கடமைக்கு, மேலோட்டமாக என்பது பொருள். ஆறு சொற்களுக்குள் 'தரோ', 'எக்ஸாஸ்டிவ்' என்று நேர் எதிரான மற்றோர் இணையும் வலையாக விரிக்கப்பட்டிருக்கும். அதிகாரி இறங்கவில்லை என்ற குறிப்பைக் கவனியாதவர் அந்த வலையில் விழுவார். வாக்கியம் அம்மனிதரைப் பாராட்டுகிறதா, பழிக்கிறதா என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சொல்லின் பொருள் தெரிவது பாதி. அச்சொல் யாருக்கு என்ன தீர்ப்பு வழங்குகிறது என்று தெரிவது மறுபாதி.

நகரத்துப் பயிற்சி நிலையம் ஒன்றில் அவளைச் சேர்த்திருந்தோம். அங்கே கொடுத்தது 3,500 சொற்கள் கொண்ட பட்டியல். அந்தப் பழைய பாரன்ஸ் பட்டியலைப் பார்த்தவர்கள் நம்மூரில் பலர் இருக்கக்கூடும். ஒரு நாளைக்கு ஐம்பது சொற்கள், எழுபது நாள்களில் முடிந்துவிடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் மனித மூளை கிடங்கு அல்லவே! பத்தாம் நாள் ஐந்நூறாவது சொல்லை ஒப்பித்தவள், முதல் நாளின் ஐம்பதில் பன்னிரண்டைத்தான் சொன்னாள். மேலும் அந்தப் பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே ஒற்றைச் சொல்லில் பொருள் எழுதியிருந்தது. 'ஃப்ரூகல்' என்றாலும் சிக்கனம், 'பார்சிமோனியஸ்' என்றாலும் சிக்கனம். இதைக் கற்றுக்கொண்டு போகிற பிள்ளை மேற்சொன்ன வாக்கியத்தின் முன் என்ன செய்யும்?

மாற்று வழி எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. இளையவன் அப்போது குர்ஆன் மனனம் செய்துகொண்டிருந்தான்; பதினேழாம் ஜுஸ்உவைத் தாண்டியிருந்தான். ஹிஃப்ழ் மதரஸாவின் நடைமுறையை அறிந்தவர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. ஸுபுஹுக்குப் பின் புதிய பாடம். அது மிகக் குறைவு, சில வேளை அரைப்பக்கம். அடுத்து, கடந்த சில நாள்களின் பாடம். அதற்குப் பின் வெகுநாள் முன்பு முடித்த பகுதி. புதியது குறைவு, பழையதுதான் மிகுதி. பழையது தடுமாறினால் ஹஜ்ரத் புதிய பாடம் கொடுக்கவே மாட்டார். கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடும் ஒட்டகத்தைவிட விரைவாக மனனம் நழுவிவிடும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை மதரஸாவில் படிக்கும் சிறுவனும் அறிவான்.

ஒருநாள் அவன்தான் கேட்டான்: "ராத்தா, நீ தினமும் புதுசு மட்டும் பாக்குறியே, பழசை எப்ப ஓதுவே?" அன்றிரவே பட்டியல் மூடப்பட்டது. ஒரு நாளுக்குப் பன்னிரண்டு புதிய சொற்கள், அதற்கு மேல் இல்லை. அஞ்சலட்டையைப் பாதியாக வெட்டிய அளவில் அட்டைகள். காலையில் புதியவை, அஸருக்குப் பின் நேற்றையவை, இஷாவுக்குப் பின் சென்ற வாரத்தவை, வெள்ளிக்கிழமை சென்ற மாதத்தவை. தடுமாறிய அட்டை மறுபடியும் முதற்கட்டுக்கே திரும்பும்.

இதையே லைட்னர் என்பவர் 1972இல் தம் நூலில் அட்டைப் பெட்டி முறையாக எழுதினார் என்று மகள் பின்னர் படித்துச் சொன்னாள். அவருக்கு முன், 1885இல் எபிங்ஹவுஸ் என்பவர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்து அளந்து வெளியிட்டிருக்கிறார். இன்று ஆங்கி போன்ற செயலிகள் இந்த வேலையைக் கைப்பேசியிலேயே செய்துவிடுகின்றன. நாங்கள் அட்டையையே விரும்பினோம். கைப்பேசியை எடுத்த கை சொற்களோடு நிற்பதில்லை என்பது எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதானே.

அட்டையின் பின்புறம் என்ன எழுதுவது என்ற கேள்வி எழுந்தபோதுதான் பிள்ளைகளின் உம்மும்மா இந்தக் கதைக்குள் வந்தார்கள். எழுபத்தாறு வயது, ஆங்கிலம் ஒரெழுத்தும் தெரியாது. அரபுத்தமிழில் எழுதிய பழைய ஏடுகளைச் சரளமாகப் படிப்பார்கள். மஃரிபுக்குப் பின் மகள் கூடத்தில் அமர்ந்து, ஒவ்வொரு சொல்லாக அதன் விளக்கத்தைத் தமிழில் சொல்வாள். உம்மும்மா வெற்றிலை இடித்துக்கொண்டே, "இதுக்கா இவ்வளவு பெரிய சொல்லு?" என்று தொடங்கித் தம் சொல்லைப் போடுவார்கள். 'பார்சிமோனியஸ்' என்றதும், "எச்சில் கையால காக்கா ஓட்டாத ஆளு" என்றார்கள். 'அப்சீக்வியஸ்' என்பதற்குக் கூழைக்கும்பிடு. 'ஆம்பிவலன்ட்' என்பதற்கு மதில்மேல் பூனை. 'கப்ரீஷியஸ்' என்பதற்கு நேரத்துக்கொரு புத்தி. 'எக்ஸாசர்பேட்' என்பதற்கு எரிகிற கொள்ளியில் எண்ணெய். 'டாசிடர்ன்' என்றபோது, எங்களுள் ஒருவரைக் கையால் சுட்டிவிட்டு வெற்றிலையைத் தொடர்ந்து இடித்தார்கள்.

இதைச் சுவைக்காக மட்டும் சொல்லவில்லை. அகராதி 'கஞ்சத்தனமான' என்று எழுதுகிறது. உம்மும்மாவின் காக்கை அப்படியல்ல. அதில் ஏளனம் இருக்கிறது, சிறிது வெறுப்பு இருக்கிறது, அந்த மனிதரின் வாசற்படியை மிதிக்கக் கூடாது என்ற முடிவும் இருக்கிறது. தேர்வு கேட்பது அந்த ஏளனத்தைத்தான். சொல்லோடு தீர்ப்பும் சேர்ந்தே மனத்தில் பதிந்துவிட்டது. 'பெர்ஃபங்க்டரி' என்ற சொல்லுக்கு அவர்கள் கொடுத்தது, கோழி கொத்துவதுபோல் ஸஜ்தா செய்கிறவனின் தொழுகை. அதைக் கேட்டபின் அந்தச் சொல்லை யார் மறப்பார்?

செலவைப் பற்றிய சொற்கள் ஒரு முழு மாலையை எடுத்துக்கொண்டன. ஆங்கிலத்தில் இதற்கு ஓர் ஏணியே இருக்கிறது. ஒரு கோடியில் 'மைசர்லி', அடுத்து 'பார்சிமோனியஸ்', நடுவில் 'த்ரிஃப்ட்டி', 'ஃப்ரூகல்', அப்பால் 'ஜெனரஸ்', 'ம்யூனிஃபிசென்ட்', மறுகோடியில் 'ப்ராடிகல்', 'ப்ரொஃப்ளிகேட்'. ஒரே மனிதர் ஒரே பத்து ரூபாயை மிச்சப்படுத்துகிறார். அவரை விரும்புகிறவர் 'ஃப்ரூகல்' என்கிறார், விரும்பாதவர் 'பார்சிமோனியஸ்' என்கிறார். ஏணியில் எங்கே பாராட்டு முடிந்து பழிப்பு தொடங்குகிறது என்பதே கேள்வி. நம் பிள்ளைகளுக்கு இந்த ஏணி புதிதன்று. ஒருபுறம் புக்ல் என்னும் கஞ்சத்தனம், மறுபுறம் இஸ்ராஃப் என்னும் வீண்விரயம் என இரண்டையும் கண்டித்து, இடையே நிற்பவர்களைத் திருக்குர்ஆனின் 25ஆம் அத்தியாயம் பாராட்டுகிறது. ஜும்ஆ மேடையில் எத்தனை முறை கேட்ட செய்தி! மகள் ஒரு தாளில் கோடு கிழித்து, இடக்கோடியில் புக்ல், வலக்கோடியில் இஸ்ராஃப், நடுவே சிக்கனமும் கொடையும் என்று எழுதி, எட்டு ஆங்கிலச் சொற்களையும் அவற்றின் இடத்தில் அமர்த்தினாள். எட்டும் ஒரே மாலையில் நின்றுவிட்டன. கல்யாண வீட்டுச் செலவுக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று இளையவன் கேட்க, பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எந்தக் கல்யாணம் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை.

நாவின் குற்றங்களிலும் அப்படியே. ஒருவர் இல்லாதபோது அவரிடம் உள்ள குறையைச் சொல்வது புறம், இல்லாததைச் சொல்வது இட்டுக்கட்டு என்று கீபத்துக்கும் புஹ்தானுக்கும் இடையே ஹதீஸ் கோடு கிழிக்கிறது. 'கலம்னி' என்னும் ஆங்கிலச் சொல் இரண்டாவதற்கு மட்டுமே உரியது. பொய் இல்லாமல் அது இல்லை. பட்டியலில் 'அவதூறு, புறம்பேசல்' என்று இரண்டையும் கலந்து எழுதியிருந்தது. பத்து வயதில் மதரஸாவில் கற்ற வேறுபாடு இருபத்திரண்டு வயதில் அவளுக்குத் தேர்வில் உதவியது. நம் வீடுகளில் தமிழும் அரபியும் கலந்து புழங்குவதைச் சிலர் பின்தங்கிய நிலை என்று கருதுகிறார்கள். எங்களுக்கு அது கூடுதல் ஆணிகள் அடித்த சுவராகத் தோன்றுகிறது. புதிதாக வருகிற சொல்லை மாட்ட இடம் அதிகம்.

எல்லாச் சொற்களும் இவ்வளவு இணக்கமாக வந்து அமர்ந்தன என்று சொல்ல முடியாது. மார்க்கத்தைத் தொடும் சொற்கள் அப்பட்டியலில் நிறைய உண்டு. 'டிவௌட்', 'பயஸ்', 'அசெட்டிக்', 'டாக்மேட்டிக்', 'ஜெலட்', 'சாங்க்டிமோனியஸ்'. முதலாவது பெரும்பாலும் பாராட்டு. 'பயஸ்' இரு முகம் கொண்டது. உண்மையான பக்தியையும் குறிக்கும், பக்தி வேடத்தையும் குறிக்கும். 'சாங்க்டிமோனியஸ்' முழுக்கப் பழிப்பு. தான் மற்றவரைவிடத் தூய்மையானவன் என்று காட்டிக்கொள்பவனுக்குரிய சொல். 'ஜெலட்' என்பது முதல் நூற்றாண்டில் ரோமானியருக்கு எதிராகப் போராடிய யூதக் குழு ஒன்றின் பெயராக இருந்து, இன்று வெறியரைக் குறிக்கிறது. மகள் ஒருநாள் அட்டைகளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஐவேளை தொழுது பர்தா போடுற என்னை இவங்க இந்த வரிசையில எந்தச் சொல்லுல வைப்பாங்க உம்மா?"

எளிதான கேள்வியன்று. சொல்பவரைப் பொறுத்தது என்றுதான் நாங்கள் சொன்னோம். ஒருவரை 'டிவௌட்' என்பதா 'ஜெலட்' என்பதா என்பதில், சொல்லப்படுகிறவரின் செயலைப்போலவே சொல்பவரின் மனமும் தெரிகிறது. அதை அறிந்துகொண்டால் செய்தித்தாளைப் படிக்கும் கண்ணும் மாறும். மறுபுறம், 'சாங்க்டிமோனியஸ்' என்னும் சொல்லை வெளியார் நம்மீது வீசுகிற கல்லாக மட்டும் பார்ப்பதும் சரியன்று என்று எங்களுக்குத் தோன்றிற்று. காட்டிக்கொள்வதற்காகச் செய்யும் வணக்கத்தை ரியா என்று பெயரிட்டு நம் மார்க்கமே கடுமையாகக் கண்டிக்கிறது. அந்த அட்டையின் பின்னால் ரியா என்று எழுதலாமா கூடாதா என்று வீட்டில் விவாதம் எழுந்தது. ரியா உள்ளத்தின் நோய், பிறர் பார்க்கச் செய்வது. 'சாங்க்டிமோனியஸ்' பிறரைத் தாழ்வாகப் பார்ப்பதையும் சேர்த்தது. இரண்டும் ஒன்றல்ல என்றாள் மகள். உம்மும்மா, "ஊருக்கு உபதேசம்னு எழுது" என்றார்கள். இளையவன் தன் பங்குக்கு ஒன்று எழுதினான். அந்த அட்டையில் மூன்றும் இருக்கின்றன.

இன்னும் இரண்டு சொற்கள் எங்களை நிறுத்தின. ஒன்று 'ஃபிலிஸ்டைன்'. கலையையும் அறிவையும் மதிக்காத முரட்டு மனிதன் என்று பொருள். அட்டையைப் பார்த்த இளையவன் அதிர்ந்தான்: "இது ஃபலஸ்தீன்தானே ராத்தா?" தொடர்பு உண்டு. பண்டைக் காலத்தில் அக்கடற்கரையில் வாழ்ந்தவர்கள் பைபிளில் பெலிஸ்தர் எனப்படுகிறார்கள். அந்நிலத்தின் பெயரும் அவர்கள் பெயரிலிருந்தே வந்தது. ஆனால் இன்றைய பொருள் அங்கிருந்து நேராக வரவில்லை. ஜெர்மனியில் 17ஆம் நூற்றாண்டின் பல்கலைக்கழக மாணவர்கள், படிப்பறியாத ஊர்க்காரர்களை அந்த விவிலியப் பெயரால் இகழ்ந்தார்கள். மாத்யூ ஆர்னால்டு 1869இல் வெளியிட்ட நூலின் வழியாக அது ஆங்கிலத்தில் ஊன்றியது. தோற்றவர்களின் வரலாற்றைப் பகைவர்கள் எழுதினால் பெயர் எப்படி ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? அந்த மக்களின் பக்கத்துக் கதையைச் சொல்ல அவர்களின் நூல் ஒன்றும் நம் கைக்கு வந்து சேரவில்லை.

மற்றொன்று இன்னும் அருகில் இருந்தது. 'பரையா'. சமூகத்தால் விலக்கப்பட்டவர் என்று பொருள். தேர்வுப் பட்டியல்கள் எல்லாவற்றிலும் உண்டு. ஆங்கிலத்துக்கு நம் தமிழ் கொடுத்த சொற்களில் கட்டுமரத்தையும் சுருட்டையும் பெருமையாகச் சொல்வோம், இதைச் சொல்வதில்லை. பறை என்னும் இசைக்கருவியிலிருந்து வந்த ஒரு சமூகத்தின் பெயரை, 17ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த ஐரோப்பியர் எடுத்துச் சென்று, ஒதுக்கப்பட்ட எவருக்கும் உரிய பொதுச் சொல்லாக்கினார்கள். அவர்கள் அதைத் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. இங்கே கண்ட ஒதுக்குதலுக்குப் பெயர் வைத்தார்கள். அவளுடைய கல்லூரித் தோழி அச்சமூகத்தைச் சேர்ந்தவள், வீட்டுக்கு வந்து எங்களோடு ஒரே தாலத்தில் உண்டவள். அந்த அட்டைக்கு உதாரண வாக்கியம் எழுத மகள் மறுத்தாள். நாங்களும் வற்புறுத்தவில்லை. தேர்வில் வந்தால் பொருளறிந்து குறிக்கட்டும். தன் கட்டுரையில் அவள் அதை எழுத மாட்டாள். பொருள் தெரிந்த சொற்களையெல்லாம் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று எந்தத் தேர்வும் கேட்பதில்லை.

அரபியிலிருந்து சென்ற சொற்களும் அட்டைகளில் அகப்பட்டன. உச்சியைக் குறிக்கும் 'ஜெனித்', தலைக்கு மேலான திசை என்ற பொருள்படும் ஸம்த்தர்ரஃஸ் என்பதன் சிதைவு. லத்தீன் எழுத்தர்கள் கைப்பிரதியில் ஓர் எழுத்தை மாற்றிப் படித்ததால் உருமாறியது என்கிறார்கள். அதற்கு நேர் எதிரான கீழ்ப்புள்ளியைக் குறிக்கும் 'நேடிர்', எதிரானது என்னும் பொருள்கொண்ட நழீர். 'சைஃபர்' என்பது நம் ஸிஃப்ர். கணக்குப் பகுதியில் வரும் அல்ஜீப்ரா, 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் நூல் தலைப்பில் உள்ள அல் ஜப்ரு. உடைந்ததைச் சேர்த்தல் என்று பொருள், எலும்பு கட்டுவதற்கும் அதே சொல். அறிந்துகொள்ள இனிமையானவை. ஆனால் இதைச் சொல்லிச் சொல்லியே மார்தட்டும் பழக்கம் நம் மேடைகளில் அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டது. அல் குவாரிஸ்மி உழைத்தார். அவருடைய உழைப்புக்கு நம் பிள்ளைக்கு மதிப்பெண் போடமாட்டார்கள்.

சொற்கள் ஆயிரத்தை எட்டியதும் பட்டியலை நிறுத்திவிட்டு வாசிப்புக்குத் திரும்பினாள். ஆங்கில நாளேட்டின் தலையங்கம் படிப்பது நம்மூரில் பரம்பரையாகச் சொல்லப்படும் மருந்து, கெடுதல் இல்லை. ஆயினும் இத்தேர்வின் பத்திகள் வேறு வகை. பறவைகளின் வலசை, ஓவிய வரலாறு, பொருளாதார வாதம் என எதுவும் வரும். ஒருவர் கருத்தை மற்றொருவர் மறுப்பதுபோல் அமைந்திருக்கும். 'ஆயினும்', 'என்றாலும்', 'மாறாக' என்ற பொருள்தரும் சிறு இணைப்புச் சொற்களைப் பென்சிலால் சுழித்துக்கொண்டே படிப்பது அவள் கண்ட வழி. பெரிய சொற்களைவிட அச்சிறு சொற்களே தனக்கு அதிக மதிப்பெண் தந்தன என்பாள். அறிவியல் இதழ்களின் கட்டுரை ஒன்றை அன்றாடம் படித்து, அதன் சாரத்தை உம்மும்மாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். உம்மும்மாவுக்கு விளங்கவில்லையென்றால் மறுபடி படிக்க வேண்டும். வலசைப் பறவைகள் உம்மும்மாவுக்கு மிகவும் பிடித்துப்போயின.

தேர்வுக் கட்டணம் இருபதாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. மறுமுறை எழுத வேண்டுமென்றால் மறுபடியும் அதே தொகை. ஆகையால் மாதிரித் தேர்வுகளை வீட்டிலேயே, கதவைச் சாத்தி, கடிகாரம் வைத்து ஆறு முறை எழுதிய பிறகே பதிவு செய்தாள். ஸஃபர் மாதக் கடைசியில், இரவுப் பேருந்தில் சென்னைக்குப் போய் எழுதி வந்தாள். முடித்ததும் திரையிலேயே சொற்பகுதி, கணக்குப் பகுதி மதிப்பெண்களைக் காட்டிவிடுகிறார்கள். சொற்பகுதியில் 156, கணக்கில் 167. அல்ஹம்துலில்லாஹ். வானத்தைத் தொட்ட மதிப்பெண் அல்ல. சொற்பகுதியில் 160ஐத் தாண்டும் பிள்ளைகள் ஏராளம். புள்ளியியல் துறைக்கு இது போதும் என்று அத்துறையில் படிக்கும் மூத்த மாணவர்கள் சொன்னார்கள்.

ஐந்து துறைகளுக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. கட்டணத் தள்ளுபடியும் உதவிப் பணியும் கிடைத்தால் செல்வாள். இடம் மட்டும் கிடைத்துப் பணம் கிடைக்காவிட்டால், தமிழ்நாட்டிலேயே முதுநிலைக்குச் சேர மனுவும் எழுதி வைத்திருக்கிறாள். பதில்கள் வரத் தொடங்கும் மாதம் இது. வீட்டில் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. உம்மும்மா மட்டும் தஹஜ்ஜுத் நேரத்தில் கையேந்தி நெடுநேரம் இருக்கிறார்கள். வாசகர்களும் துஆச் செய்யுங்கள்.

அட்டைக்கட்டுகளை அடுத்த தெருப் பெண்பிள்ளை ஒருத்தி கேட்டு வாங்கிச் சென்றிருக்கிறாள். அவளுக்கும் ஷவ்வாலுக்குப் பின் இதே தேர்வு. மகள் அவளிடம் ஒரு நாளைக்குப் பன்னிரண்டுக்கு மேல் எடுக்க வேண்டாம் என்றும், 'பரையா' அட்டையில் உதாரண வாக்கியம் இல்லை என்றும் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து அப்பெண் திரும்பி வந்தாள். 'சாங்க்டிமோனியஸ்' அட்டையின் மூன்றாவது வரியில் இளையவனின் கையெழுத்து அவளுக்குப் புரியவில்லையாம். அவன் மதரஸாவுக்குப் போயிருந்தான். நாங்களும் வாங்கிப் பார்த்தோம், எங்களுக்கும் புரியவில்லை.